அது எந்த ‘டு’? ஃப்ரேசல் வெர்ப்புக்குப் பின்னால் வரும் வினையைப் புரிந்துகொள்ள

‘உதவ முன்வந்தார்’ என்று தமிழில் எத்தனையோ முறை எழுதியிருப்போம். அதில் ‘முன்’ இருக்கிறது, ‘வா’ இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் ஓரடிகூட முன்னால் எடுத்து வைத்திருக்க வேண்டியதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ‘நான் செய்கிறேன்’ என்று சொல்லியிருந்தாலும் அவர் முன்வந்தவர்தான். இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டதும் புதிதாக ஒரு பொருள் பிறந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் ‘உதவ’, எதற்கு முன்வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

இதையே ஆங்கிலத்தில் சொன்னால், ‘ஹி கேம் ஃபார்வர்ட் டு ஹெல்ப்’. ‘கேம்’ என்றால் வந்தார், ‘ஃபார்வர்ட்’ என்றால் முன், ‘டு ஹெல்ப்’ என்றால் உதவ. வரிசைதான் தலைகீழ், சரக்கு ஒன்றே. ‘கம் ஃபார்வர்ட்’ போல ஒரு வினையும் ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து ஒரே வினையாக நடந்துகொள்வதற்கு ஃப்ரேசல் வெர்ப் என்று பெயர். ‘டு ஹெல்ப்’ போல ‘டு’வைப் பிடித்துக்கொண்டு, காலம் காட்டாமல் நிற்கும் வினைக்கு இன்ஃபினிட்டிவ் என்று பெயர். பள்ளியில் ‘செய என்னும் வாய்பாட்டு வினையெச்சம்’ என்று படித்தோமே, உதவ, படிக்க, எழுத என்று வருமே, கிட்டத்தட்ட அதன் வேலையைத்தான் இன்ஃபினிட்டிவும் செய்கிறது.

கைவிடு, தள்ளிப்போடு, எடுத்துக்கொள் என்று தமிழிலும் கூட்டு வினைகள் நிறைய இருப்பதால், ஃப்ரேசல் வெர்ப் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ஆனாலும் ஆங்கிலம் கற்பவர்களை இது படுத்துகிறது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு சின்னச் சொல் சேர்ந்து பொருள் மாறும் இந்த வழக்கம்தான் வேற்று மொழிக்காரர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று எழுதிவிட்டார். ஆகவே தடுமாறுகிறவர்கள் தங்களைத் தாழ்வாக நினைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

நாம் படிக்கும் பட்டியல்கள் எல்லாம் ‘கிவ் அப் = கைவிடு’ என்று பொருளைச் சொன்னதோடு நின்றுவிடுகின்றன. அந்த ஃப்ரேசல் வெர்ப்புக்கு அடுத்து இன்னொரு வினை வந்தால் அது எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. என் பார்வையில் தவறுகளில் பாதி பிறப்பது இங்கேதான்.

நான் சொல்லிக்கொடுத்த ஒரு மாணவி, ‘ஐ எண்டட் அப் டு மிஸ் தி ட்ரெயின்’ என்று எழுதினாள். சரியான வாக்கியம், ‘ஐ எண்டட் அப் மிஸ்ஸிங் தி ட்ரெயின்’. ஏன் ‘டு’ போட்டாய் என்று கேட்டேன். “ரயிலைத் தவறவிட நேர்ந்தது, அதனால் ‘டு மிஸ்’” என்றாள். அவள் யோசித்தது முழுக்க நியாயம். ‘தவறவிட’ என்பது செய வாய்பாடு, ஆங்கிலத்தில் அதற்கு நேர் ‘டு மிஸ்’. அவள் தமிழ் இலக்கணம் சரி. ‘எண்ட் அப்’ மட்டும் அந்தக் கணக்குக்குள் வராது. அது தனக்குப் பின்னால் ‘இங்’ வடிவத்தைத்தான் ஏற்கும்.

ஒரு வாக்கியத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள்:

‘கொலம்பஸ் செட் அவுட் டு ஃபைண்ட் எ ஸீ ரூட் டு ஏஷியா, பட் எண்டட் அப் ரீச்சிங் தி கரீபியன்.’

1492-இல் ஆசியாவுக்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டவர் கடைசியில் கரீபியத் தீவுகளில் போய்ச் சேர்ந்தார். முதல் பாதியில் ‘செட் அவுட்’. ஒன்றைச் செய்யும் நோக்கத்தோடு புறப்படுவது அது. ‘டு ஃபைண்ட்’ அந்த நோக்கம். புறப்பட்ட நேரத்தில் வழி கண்டுபிடிக்கப்படவில்லை, அது இனிமேல் நடக்க வேண்டியது. இரண்டாம் பாதியில் ‘எண்ட் அப்’. எங்கே போய் முடிந்தது என்பதை அது சொல்கிறது. ‘ரீச்சிங்’ நோக்கம் அல்ல, அவர் வந்து நின்ற நிலை. இன்ஃபினிட்டிவ் எதிரே பார்க்கிறது, ‘இங்’ வடிவம் நடந்ததையோ நடந்துகொண்டிருப்பதையோ கையில் பிடித்திருக்கிறது. இதை இரும்புச் சட்டம் என்று சொல்ல மாட்டேன், விதிவிலக்குகள் உண்டு. ஆனால் குழம்பும்போது முதலில் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரியும்.

அப்படிப் பார்த்தால் ‘இங்’ கேட்கும் சில ஃப்ரேசல் வெர்ப்கள் தானாகவே புரியும். ‘ஷி கேவ் அப் ஸ்மோக்கிங்’, புகைப்பதைக் கைவிட்டாள். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தைத்தானே கைவிட முடியும்? ‘ஹி கெப்ட் ஆன் டாக்கிங்’, பேசிக்கொண்டே இருந்தான். நடந்துகொண்டிருக்கும் பேச்சு தொடர்கிறது. ‘கேரி ஆன்’ என்பதும் இப்படியே. ‘புட் ஆஃப்’ மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ‘ஷி புட் ஆஃப் கோயிங் டு தி டென்டிஸ்ட்’ என்பதில் போவது இன்னும் நடக்கவில்லை, இருந்தும் ‘கோயிங்’ வருகிறது. இங்கே தமிழே கைகொடுக்கும்: ‘போவதைத் தள்ளிப்போட்டாள்’. ‘போக’ அல்ல, ‘போவதை’. தள்ளிப்போட ஒரு பொருள் வேண்டும், அதனால் வினை பெயராக மாறி வேற்றுமை உருபோடு நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பெயராக்கும் வேலையைத்தான் ‘இங்’ செய்கிறது. ‘புகைப்பதைக் கைவிட்டாள்’ என்பதையும் இதே கண்ணால் பாருங்கள்.

‘செட் அவுட்’ பேச்சு வந்ததால், அதன் தம்பி ‘செட் அபவுட்’டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலர் இரண்டையும் கலந்துவிடுகிறார்கள். ‘ஷி செட் அவுட் டு க்ளீன் தி ரூம்’ என்றால் அறையைச் சுத்தம் செய்யும் எண்ணத்தோடு கிளம்பினாள், முடித்தாளா என்பது தெரியாது. ‘ஷி செட் அபவுட் க்ளீனிங் தி ரூம்’ என்றால் வேலையில் இறங்கியேவிட்டாள். ‘அபவுட்’ ஒரு ப்ரெபொசிஷன், அதாவது பெயருக்கு முன்னால் நின்று நம் வேற்றுமை உருபு போல வேலை செய்யும் சின்னச் சொல். ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ வடிவம்தான். இந்த ஒரு விதியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இது மிகவும் தேவைப்படும்.

‘கோ ஆன்’ என்ற ஒன்றுக்குள் இரண்டு

எல்லா ஃப்ரேசல் வெர்ப்களிலும் எனக்கு மிகவும் பிடித்தது ‘கோ ஆன்’. பின்னால் வருவதைப் பொறுத்து அதன் பொருளே மாறிவிடும்.

‘தி டீச்சர் வென்ட் ஆன் எக்ஸ்ப்ளைனிங் தி ரூல்.’

‘தி டீச்சர் வென்ட் ஆன் டு எக்ஸ்ப்ளைன் தி ரூல்.’

முதல் வாக்கியத்தில் ஆசிரியர் ஏற்கெனவே விதியை விளக்கிக்கொண்டிருக்கிறார். நடுவில் யாரோ கதவைத் தட்டியிருக்கலாம், மணி அடித்திருக்கலாம். அவர் நிறுத்தவில்லை, விளக்கிக்கொண்டே போனார். இரண்டாவதில் அவர் அதுவரை வேறு ஏதோ செய்துகொண்டிருந்தார். உதாரணங்களை எழுதிப்போட்டிருக்கலாம், போன வகுப்பை நினைவுபடுத்தியிருக்கலாம். அது முடிந்தது, அடுத்து விதியை விளக்கினார். ஒரே ஒரு ‘டு’ வந்ததும் தொடர்ச்சி போய் திருப்பம் வந்துவிட்டது.

கவனியுங்கள், ‘விளக்கிக்கொண்டே போனார்’ என்னும்போது நாமும் ‘போ’ என்ற வினையைத்தான் எடுக்கிறோம். அவர் எங்கும் நடந்து போகவில்லை. தொடர்ச்சியைக் காட்ட இரண்டு மொழிகளும் ஒரே வினையிடம் போயிருக்கின்றன. இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்குக் ‘கோ ஆன்’ மறந்ததே இல்லை.

‘கோ ஆன் டு’ வாழ்க்கைக் குறிப்புகளில் ஏராளமாக வரும். ‘மேரி க்யூரி வன் தி நோபல் ப்ரைஸ் ஃபார் ஃபிசிக்ஸ் இன் 1903 அண்ட் வென்ட் ஆன் டு வின் தி கெமிஸ்ட்ரி ப்ரைஸ் இன் 1911.’ இயற்பியலுக்கு 1903-இல் வாங்கினார், மேற்கொண்டு 1911-இல் வேதியியலுக்கும் வாங்கினார். இதை ‘வென்ட் ஆன் வின்னிங்’ என்று மாற்றினால், பரிசு மேல் பரிசாக நிறுத்தாமல் வென்றுகொண்டே போனார் என்று ஆகிவிடும். சொல்ல வந்தது அதுவல்ல.

நோக்கமே இல்லாத இன்ஃபினிட்டிவ்

இன்ஃபினிட்டிவ் எதிரே பார்க்கும் என்று சொன்னேன். ஆனால் எதிரே இருப்பதெல்லாம் நோக்கமாக இருந்துவிடாது.

‘டர்ன் அவுட்’டை எடுத்துக்கொள்வோம். ‘தி ரூமர் டர்ன்ட் அவுட் டு பி ட்ரூ.’ வதந்தி என்று நினைத்தோம், பார்த்தால் உண்மை. வதந்திக்கு நோக்கம் ஏது? பின்னால் தெரியவந்ததைத்தான் ‘டு பி ட்ரூ’ சொல்கிறது. தமிழில் ‘பார்த்தால்…’ என்று இழுத்து, ‘தான்’ போட்டு முடிக்கிறோமே, ‘டர்ன் அவுட் டு பி’யின் தொனி அச்சாக அதுதான். கொலம்பஸ் கதையையே தொடரலாம்: ‘தி லேண்ட் டர்ன்ட் அவுட் நாட் டு பி ஏஷியா.’ பார்த்தால் அது ஆசியாவே இல்லை. எதிர்மறைக்கான ‘நாட்’ எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள், ‘டு’வுக்கு முன்னால். அதன் இயல்பான இடம் அதுதான்.

‘டர்ன் அவுட்’டுக்குப் பின்னால் ‘பி’ (இரு), ‘ஹாவ்’ (வைத்திரு), ‘நோ’ (தெரிந்திரு) போன்ற நிலையைச் சொல்லும் வினைகளே பெரும்பாலும் வரும். முன்பே நடந்து முடிந்த ஒன்று பிறகு தெரியவந்தால் ‘டு ஹாவ்’ சேர்த்துக்கொள்ள வேண்டும்: ‘ஷி டர்ன்ட் அவுட் டு ஹாவ் லெஃப்ட் தி டே பிஃபோர்.’ விசாரித்தால் அவள் முந்தின நாளே கிளம்பிவிட்டிருந்தாள். இன்ஃபினிட்டிவ் காலம் காட்டாது என்றாலும், முன்னால் நடந்தது என்று சொல்ல அதற்கு இந்த வழி இருக்கிறது.

இதற்கு நெருங்கிய சொந்தம் ‘ஷேப் அப்’. ‘திஸ் இஸ் ஷேப்பிங் அப் டு பி எ லாங் மீட்டிங்’ என்றால், இது நீளமான கூட்டமாகப் போகும் போலிருக்கிறது என்று பொருள். ‘டர்ன் அவுட்’டில் விஷயம் தெரிந்துவிட்டது, இதில் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு வகை இன்னும் சுவையானது. ‘ஷி க்ரூ அப் டு பி எ டாக்டர்.’ இதை ‘மருத்துவர் ஆவதற்காக வளர்ந்தாள்’ என்று பெயர்த்தால் அபத்தம். ‘வளர்ந்து மருத்துவர் ஆனாள்’ என்பதே சரி. ‘ஹி வோக் அப் டு ஃபைண்ட் தி ஹவுஸ் எம்ப்டி.’ வீடு காலியாக இருப்பதைப் பார்க்கவா அவன் எழுந்தான்? எழுந்து பார்த்தால் வீட்டில் யாருமில்லை. முதல் வினை முடிந்தது, பிறகு இது நடந்தது, அவ்வளவுதான். இது விளைவைச் சொல்லும் இன்ஃபினிட்டிவ். தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘செய’ விலகிக்கொள்கிறது, ‘செய்து’ வந்து நிற்கிறது. வளர்ந்து ஆனாள், எழுந்து பார்த்தான். ‘மேற்கொண்டு வென்றார்’ என்ற க்யூரி வாக்கியமும் இந்தக் குடும்பம்தான். ஆகவே ஆங்கிலத்தில் ‘டு’ பார்த்ததும் உடனே ‘-வதற்காக’ என்று எழுதிவிடாதீர்கள். மொழிபெயர்ப்புகளில் நான் அடிக்கடி பார்த்து வருந்தும் பிழை இது.

உண்மையாகவே நோக்கத்தைச் சொல்லும் ‘டு’ எளிது. ‘ஷி சாட் டவுன் டு ரைட்’, எழுத உட்கார்ந்தாள். ‘ஹி ட்ராப்ட் இன் டு சே ஹலோ’, நலம் விசாரிக்க எட்டிப் பார்த்தான். ‘டு’ இருக்கும் இடத்தில் ‘இன் ஆர்டர் டு’ என்று வைத்துப் பாருங்கள். வாக்கியம் நின்றால் அது நோக்கம். இந்த வகையை மனப்பாடம் செய்யவே வேண்டாம், ஏறக்குறைய எந்தச் செயல்வினையோடும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

செய்பவர் மாறும்போது

இதுவரை பார்த்த வாக்கியங்களில் இரண்டு வினைகளுக்கும் ஆள் ஒருவரே. புறப்பட்டவரும் தேடியவரும் கொலம்பஸ்தான். ‘ஐ ஆம் கவுண்டிங் ஆன் யூ டு கம்’ என்பதில் அப்படி இல்லை. நம்பியிருப்பது நான், வர வேண்டியது நீங்கள். நடுவில் இருக்கும் ‘யூ’தான் இன்ஃபினிட்டிவுக்கு எழுவாய் போல நிற்கிறது. ‘தி மேயர் கால்ட் ஆன் பீப்பிள் டு சேவ் வாட்டர்’ என்பதும் இப்படித்தான்: அழைப்பு விடுத்தவர் மேயர், தண்ணீரைச் சேமிக்க வேண்டியவர்கள் மக்கள். ‘ஹிஸ் ஃப்ரெண்ட்ஸ் எக்ட் ஹிம் ஆன் டு ஜம்ப்’ என்பதில் ‘எக் ஆன்’ என்ற ஃப்ரேசல் வெர்ப்பின் இரண்டு துண்டுகளுக்கு நடுவிலேயே ‘ஹிம்’ புகுந்துகொள்கிறது. நண்பர்கள் உசுப்பிவிட்டார்கள், குதிப்பது அவன். இதே கருத்தை ‘டாக் இன்டு’ வைத்துச் சொன்னால் ‘டாக்ட் ஹிம் இன்டு ஜம்பிங்’ என்று ‘இங்’ வரும், ‘இன்டு’ ப்ரெபொசிஷன் என்பதால்.

இரண்டு முகம் கொண்ட ‘டு’

எல்லாரும் வழுக்கி விழும் இடத்துக்கு வந்துவிட்டோம். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று முடியும் கடிதங்கள் எத்தனை! நானும் பல வருஷம் அப்படித்தான் எழுதினேன். சரியானது ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’.

காரணம், இந்த ‘டு’ இன்ஃபினிட்டிவின் ‘டு’ அல்ல. இது ப்ரெபொசிஷன். ‘ஏஷியாவுக்கு’ என்ற பொருளில் கொலம்பஸ் வாக்கியத்தில் ‘டு ஏஷியா’ வந்ததே, அந்த ‘டு’. அதற்குப் பின்னால் பெயர் வேண்டும், வினை வந்தாலும் பெயர் போல ‘இங்’ போட்டுக்கொண்டு வர வேண்டும்.

எது எந்த ‘டு’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘டு’வுக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட்டு ‘இட்’ என்று போட்டுப் பாருங்கள். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ நன்றாக நிற்கிறது. ஆகவே ப்ரெபொசிஷன், ஆகவே ‘மீட்டிங்’. ‘ஹி செட் அவுட் டு இட்’ என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே இன்ஃபினிட்டிவ், ஆகவே ‘டு ஃபைண்ட்’. ‘ஷி காட் டவுன் டு இட்’ நிற்கும், எனவே ‘காட் டவுன் டு ரைட்டிங்’. ‘ஹி ஓன்ட் அப் டு இட்’ நிற்கும், எனவே ‘ஓன்ட் அப் டு ப்ரேக்கிங் தி கிளாஸ்’, கண்ணாடியை உடைத்ததை ஒப்புக்கொண்டான். ‘கெட் அரவுண்ட் டு’, ‘ஃபேஸ் அப் டு’, ‘ஃபீல் அப் டு’ எல்லாவற்றையும் இதே உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள்.

‘காட் டவுன் டு ரைட்டிங்’ என்பதைத் தமிழில் ‘எழுத இறங்கினாள்’ என்றுதான் சொல்வோம், ‘எழுத’ செய வாய்பாடு. இங்கே தமிழை நம்பிப் போனால் ‘டு ரைட்’ என்று எழுதிவிடுவோம். ‘போவதை’, ‘புகைப்பதை’ என்று தமிழ் கைகொடுத்த இடங்கள் உண்டு, இப்படிக் கைவிடும் இடங்களும் உண்டு. அதனால் ‘டு’ விஷயத்தில் ‘இட்’ சோதனையைத்தான் முதலில் நம்பச் சொல்வேன்.

‘ஸ்டாண்ட் அப்’ இந்த இரண்டு முகத்தையும் ஒன்றாகக் காட்டும். ‘ஹி ஸ்டுட் அப் டு ஸ்பீக்’, பேச எழுந்தான். ‘ஹி ஸ்டுட் அப் டு தி புல்லி’, அடாவடிக்காரனை எதிர்த்து நின்றான். முதலாவதில் ‘டு’ அடுத்த வினையோடு ஒட்டியிருக்கிறது. இரண்டாவதில் அது ஃப்ரேசல் வெர்ப்பின் மூன்றாவது துண்டு.

இரண்டு ‘டு’வும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஆங்கிலத்தில் வினைக்கு இன்ஃபினிட்டிவ் விகுதி தனியாக இருந்தது. அதற்கு முன்னால் நோக்கத்தைக் காட்ட ‘நோக்கி’ என்ற பொருள் தரும் ப்ரெபொசிஷனாகிய ‘டு’வைச் சேர்த்தார்கள். காலப்போக்கில் விகுதிகள் உதிர்ந்துபோயின, ‘டு’ மட்டும் இன்ஃபினிட்டிவின் அடையாளமாகத் தங்கிவிட்டது. இன்ஃபினிட்டிவ் ஏன் எதிரே பார்க்கிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது. ஓர் இடத்தை நோக்கிப் போவதற்கும் ஒரு செயலை நோக்கிப் போவதற்கும் அந்த மொழி ஒரே சொல்லை எடுத்துக்கொண்டது.

அகராதி பார்க்கும்போது பொருளோடு நிறுத்தாமல் அதன் அமைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதிகள் ‘செட் அவுட் டு டூ சம்திங்’ என்றும் ‘லுக் ஃபார்வர்ட் டு டூயிங் சம்திங்’ என்றும் முழு அமைப்பையே அச்சிட்டிருக்கும். நோட்டில் ‘செட் அவுட் = புறப்படு’ என்று எழுதுவதைவிட ‘செட் அவுட் டு டூ = செய்யப் புறப்படு’ என்று எழுதினால் அடுத்த முறை வாய் தானாகவே சரியாகச் சொல்லும்.

இப்போது இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: ‘ஷி இஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு கோயிங் ஆன் டு ஸ்டடி மெடிசின்.’ இரண்டு ‘டு’ இருக்கின்றன. முதலாவதற்குப் பின்னால் ‘இட்’ நிற்கும், ஆகவே ‘கோயிங்’. இரண்டாவது ‘கோ ஆன்’னுக்குப் பின்னால் வரும் திருப்பத்தின் ‘டு’, ஆகவே வெறும் ‘ஸ்டடி’. தமிழில் சொன்னால், ‘மேற்கொண்டு மருத்துவம் படிக்கப்போவதை அவள் ஆவலோடு எதிர்பார்க்கிறாள்.’ முதல் ‘டு’ கேட்ட பெயர் ‘போவதை’யில் இருக்கிறது, இரண்டாவது கேட்ட வினையெச்சம் ‘படிக்க’வில் இருக்கிறது.